புளித்த திராட்சையும் பிள்ளைகளின் பற்களும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் காண வந்தார். பையனுக்கு ஏழெட்டு வயதிருக்கும். பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவன். தாம் சென்றிருந்த ஒரு செபக் கூட்டத்தில், மூதாதையர் செய்த பாவமே பிள்ளையின் காதை அடைத்துவிட்டதென்றும், நான்காம் தலைமுறைவரை தொடரும் அச்சாபத்தை முறித்தாலொழிய விடிவில்லையென்றும் சொல்லக் கேட்டு அவர் கலங்கிப்போயிருந்தார். கையிலிருந்த விவிலியத்தைத் திறந்து, சிவப்பு மையால் கோடிட்டிருந்த இடத்தைக் காட்டினார். விடுதலைப் பயண நூல், 20ஆம் அதிகாரம், 5ஆம் வசனம்.

“சாமி, இது கடவுளே சொன்னதுதானே? இவனுடைய தாத்தா செய்ததற்கு இவனா பொறுப்பு?”

நான் எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து கொடுத்தேன். தந்தையின் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான் என்று இறைவன் அங்கே திட்டவட்டமாக அறிவிக்கிறார். அவர் அதை இருமுறை படித்தார். பின்பு கேட்டார்: “இதுவும் கடவுள் சொன்னதுதானே, சாமி? அப்படியென்றால் இரண்டில் எதை நம்புவது?”

குருமடத்தில் நாங்கள் கற்ற விடை ஒன்று உண்டு. விவிலிய நூல்கள் பல காலங்களில், பல கைகளால் எழுதப்பட்டவை. பழைய கருத்து ஓரிடத்தில் நிற்கிறது, வளர்ந்த கருத்து இன்னோரிடத்தில் ஒலிக்கிறது என்பது அது. அந்த விடை உண்மையே. ஆயினும் அது அந்தத் தாயின் கேள்விக்கு விடையாகவில்லை. பழையதையும் புதியதையும் ஒருங்கே வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஆண்டவரின் அருள்வாக்கு என்றுதானே நாம் அறிக்கையிடுகிறோம்? அவர் கேட்டது நூல் பிறந்த வரலாற்றை அன்று, கடவுளின் உள்ளத்தை.

இதே கேள்வியை, இதே இரு வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர்கள் யூத மறைநூல் அறிஞர்கள். அவர்கள் கண்ட விடையையும், அதைக் கேளாததால் கிறிஸ்தவர்களாகிய நாம் இழைத்த பிழையையும் எண்ணிப் பார்ப்பது நமக்கு நலம் தரும்.

மோசேயும் எசேக்கியேலும்

சீனாய் மலையில் அருளப்பட்ட கட்டளைகளில், வேற்றுத் தெய்வ வழிபாட்டைத் தடைசெய்யும் இடத்தில், தம்மை வெறுக்கும் தந்தையரின் குற்றத்திற்காகப் பிள்ளைகளை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தண்டிப்பதாக இறைவன் மொழிகிறார். இதே எச்சரிக்கை விடுதலைப் பயணம் 34:7இலும், எண்ணிக்கை 14:18இலும் மீண்டும் வருகிறது. ஆனால், அதே மோசேயின் சட்டத்தில், இணைச்சட்டம் 24:16இல், பிள்ளைகளுக்காகத் தந்தையரோ தந்தையருக்காகப் பிள்ளைகளோ கொல்லப்படலாகாது. அவரவர் பாவத்திற்கு அவரவரே சாகவேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது.

இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூதாவை ஆண்ட அமட்சியா, தன் தந்தை யோவாசைக் கொன்ற பணியாளர்களுக்கு மரண தண்டனை விதித்தான். ஆனால் மோசேயின் சட்டநூலில் எழுதியிருந்தபடி அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான் என்று அரசர்கள் இரண்டாம் நூல் (14:5-6) குறித்துவைத்துள்ளது. பகைவனின் குலத்தையே வேரறுப்பது அரச நீதியாக இருந்த அக்காலத்தில், இது குறித்துவைக்கத் தக்க செய்தியே.

இரு நூற்றாண்டுகள் கடந்தன. கி.மு. 597இல் பாபிலோனிய மன்னன் நெபுகத்னேசர் எருசலேமைக் கைப்பற்றி, அரசன் யோயாக்கினையும் மக்களின் தலைவர்களையும் நாடுகடத்தினான். அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் குருவாகிய எசேக்கியேல். கி.மு. 587இல் நகரும் கோவிலும் தீக்கிரையாயின. நாடிழந்த மக்களிடையே ஒரு பழமொழி வழங்கியது: புளித்த திராட்சையைத் தின்றவர்கள் தந்தையர், பல் கூசுவதோ பிள்ளைகளுக்கு. மூதாதையர் பாவம் செய்து மறைந்துபோனார்கள், அவர்களுடைய குற்றத்தை நாங்கள் சுமக்கிறோம் என்று புலம்பல் நூலும் (5:7) அழுகிறது.

இப்பழமொழியில் பெருங்கசப்பு இருந்தது. அதைவிடக் கொடிய மனச்சோர்வும் இருந்தது. நம் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் முன்னோர் வினை என்று நம்புகிறவன் மனந்திரும்பவும் மாட்டான், எழுந்து நடக்கவும் மாட்டான். எனவேதான் எசேக்கியேல், இனி இப்பழமொழி இஸ்ரயேலில் வழங்கலாகாது என்று இறைவன் பெயரால் ஆணையிட்டார். நேர்மையாளனின் மகன் கொடியவனாகலாம்; கொடியவனின் மகன் நேர்மையாளனாகலாம்; ஒவ்வொருவனும் தன் வழிக்கே தீர்ப்புப் பெறுவான். தீயவனும் மனந்திரும்பி வாழவேண்டும் என்பதே இறைவனின் விருப்பம்.

மூன்றாவது வசனம்

ஒன்றோடொன்று மோதும் இரு வசனங்களைக் கண்டால் நாம் பெரும்பாலும் செய்வது இரண்டிலொன்று. பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை மறந்துவிடுவோம். அல்லது முரணே இல்லை என்று அவசரமாக மூடிவிடுவோம். யூத ஆசிரியர்கள் இரண்டையும் செய்யவில்லை. திருச்சட்டத்தில் ஓர் எழுத்தும் வீணன்று என்பது அவர்களுடைய உறுதி. எனவே முரண் தோன்றும் இடத்தில்தான் இறைவன் இன்னும் எதையோ சொல்ல விரும்புகிறார் என்று கருதி, அங்கேயே அமர்ந்து ஆராய்ந்தார்கள்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ரபி இஸ்மயேலின் பெயரால் வழங்கும் 13 விளக்க விதிகளில் இறுதியானது இதைப் பற்றியது: ஒன்றையொன்று மறுக்கும் இரு வசனங்கள், அவற்றிடையே முடிவு சொல்ல மூன்றாவது வசனம் வரும்வரை அப்படியே நிற்கட்டும். எடுத்துக்காட்டாக, ஆண்டவர் சீனாய் மலைமேல் இறங்கினார் என்கிறது விடுதலைப் பயணம் 19:20. விண்ணிலிருந்து பேசினார் என்கிறது 20:22. விண்ணிலிருந்து தம் குரலைக் கேட்கச் செய்து, மண்ணில் தம் நெருப்பைக் காட்டினார் என்று இணைச்சட்டம் 4:36 வந்து இரண்டையும் சேர்த்துவைக்கிறது. பக்தியுள்ள யூதர்கள் இவ்விதிகளை இன்றும் தங்கள் காலை மன்றாட்டின்போது ஓதுகிறார்கள். முரண்பட்ட வசனங்களை எப்படி வாசிப்பது என்பதை அன்றாடச் செபத்திலேயே சேர்த்துக்கொண்ட மக்கள் அவர்கள்.

எசேக்கியேல் நூலுக்கே ஒருமுறை ஆபத்து வந்தது. அதில் சொல்லப்படுபவை மோசேயின் சட்டத்தோடு முரண்படுவதால் அதை மக்கள் கையில் கொடாமல் மறைத்துவைக்க எண்ணினார்கள் என்று தால்மூது கூறுகிறது. பலிகளைப் பற்றிய ஒழுங்குகளே அங்குப் பெரிதும் இடறலாயின. அப்போது அனனியா பென் எசேக்கியா என்னும் அறிஞர், விளக்கெரிக்க 300 சாடி எண்ணெயை மாடியறைக்கு ஏற்றச் செய்து, அங்கேயே தங்கி, அந்நூலைச் சட்டத்தோடு இணக்கி முடித்தாராம். இவர் கி.பி. முதல் நூற்றாண்டினர். எண்ணெயின் அளவு கதைக்கு அழகு சேர்ப்பதாக இருக்கலாம். ஆனால் அது சுட்டும் உழைப்பு மெய். ஒரு நூலை ஒதுக்கிவிடுவது எளிது. இரவெல்லாம் விளக்கை எரியவிட்டு அதனோடு போராடுவது கடினம். அவர் கடினமானதைத் தேர்ந்ததால்தான் எசேக்கியேல் இன்று நம் கையிலும் இருக்கிறார்.

பிள்ளைக்காக வாதாடியவர்கள்

தலைமுறைத் தண்டனை பற்றிய முரணுக்கு அவர்கள் கண்ட விடைகளுள் மிகப் பரவியது இதுவே: பிள்ளைகள் தந்தையரின் தீச்செயலைத் தாமும் கைவிடாமல் தொடரும்போதுதான் மோசே சொன்னது பொருந்தும், தொடராதபோது எசேக்கியேல் சொன்னது பொருந்தும். ஓங்கலோசின் பெயரால் வழங்கும் பழைய அரமேய மொழிபெயர்ப்பு, விடுதலைப் பயணம் 20:5ஐ மொழிபெயர்க்கும்போதே, பிள்ளைகளும் தந்தையரைப் பின்பற்றிப் பாவம் செய்யும்போது என்னும் கருத்தை உடன் சேர்த்துவிடுகிறது. விளக்கத்தைத் தேடிப்போக இயலாத எளிய மக்களும் அந்த வசனத்தைக் கேட்டு அஞ்சிவிடக்கூடாது என்னும் மேய்ப்பனின் கரிசனை அதில் தெரிகிறது. பாபிலோனியத் தால்மூதும் இதே விடையைத் தருகிறது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுத் திராய் நகரில் வாழ்ந்த பெரும் உரையாசிரியர் ராசியும் அதையே பின்பற்றினார்.

ராசி இன்னொரு கணக்கையும் எடுத்துக்காட்டுகிறார். தண்டனை நான்கு தலைமுறைக்கு. அடுத்த வசனத்தில் பேரன்போ ஆயிரங்களுக்கு. ஆயிரங்கள் என்று பன்மையில் சொன்னால் குறைந்தது 2000. அப்படியானால் இறைவனின் இரக்கம் அவருடைய தண்டனையைப்போல் 500 மடங்கு. நம் செபக் கூட்டங்களில் நான்கை எண்ணுகிறவர்கள் அடுத்த வரியிலுள்ள ஆயிரங்களை ஏன் எண்ணுவதில்லை?

தால்மூதின் வேறோரிடத்தில், ரபி யோசே பார் அனினா இன்னும் துணிவாகப் பேசுகிறார். மோசே இஸ்ரயேல்மீது நான்கு தீர்ப்புகளை விதித்தார். பின்வந்த நான்கு இறைவாக்கினர் அவற்றை நீக்கினார்கள். தலைமுறைத் தண்டனையை நீக்கியவர் எசேக்கியேல் என்கிறார் அவர். இணக்கிய விடையும், நீக்கப்பட்டது என்ற விடையும் ஒரே தால்மூதில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

எண்ணிக்கை நூலுக்கான யூத விளக்கவுரையில் வரும் காட்சியோ நெஞ்சை உருக்குவது. தலைமுறைத் தண்டனையைக் கேட்ட மோசே இறைவனிடம் வாதாடுகிறார்: தெராகு சிலைகளை வணங்கினான், அவன் மகன் ஆபிரகாம் நேர்மையாளர் அல்லவா? ஆகாசு தீயவன், அவன் மகன் எசேக்கியா நல்லவன் அல்லவா? ஆமோன் கெட்டவன், அவன் மகன் யோசியா நல்லவன் அல்லவா? தந்தையின் பொருட்டு இவர்களைத் தண்டிப்பது தகுமா? அதற்கு இறைவன், நீ எனக்குக் கற்பித்தாய். என் சொல்லை நீக்கி உன் சொல்லை நிலைநாட்டுவேன் என்று இசைந்து, அதை மோசேயின் பெயராலேயே எழுதிவைக்கிறாராம். அமட்சியாவின் வரலாற்றில் மோசேயின் சட்டநூல் என்று குறிக்கப்படுவது இதனாலேயே என்கிறது அவ்வுரை.

கடவுளுக்கு மனிதன் கற்பிப்பதா என்று நாம் திடுக்கிடலாம். சோதோமுக்காக ஆபிரகாம் மன்றாடியதையும், பிள்ளைகளின் அப்பத்தைப் பற்றிக் கனானியப் பெண் ஆண்டவரிடம் மறுமொழி கூறியதையும் நினைத்தால் திடுக்கிடமாட்டோம். பிள்ளைக்காக வாதாடுகிறவனைக் கண்டு இறைவன் மகிழ்கிறார் என்பதே இக்காட்சியின் பொருள்.

இதனால், முன்னோர் செயலுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று அவர்கள் கைகழுவிவிடவில்லை. ஒருவர் மற்றவர்மேல் தடுக்கி விழுவார்கள் என்னும் லேவியர் 26:37ஐ விளக்கும்போது, இஸ்ரயேலர் எல்லாரும் ஒருவருக்கொருவர் பொறுப்பாளிகள். தீமையைத் தடுக்கும் ஆற்றலிருந்தும் தடுக்காதவன் அதில் பங்காளி என்று தால்மூது கற்பிக்கிறது. குற்றம் இரத்தத்தின் வழியே இறங்குவதில்லை. ஆனால் நாம் வாய்மூடி நிற்கும்போது அது நம்மையும் வந்து பற்றுகிறது.

நாம் எண்ணிய தலைமுறைகள்

இனி நம் பக்கம் திரும்புவோம். பிலாத்துவின் முன் கூடிய கூட்டம், இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் விழட்டும் என்று கூவியதாக மத்தேயு (27:25) எழுதுகிறார். ஒரு நாள் காலையில் ஒரு முற்றத்தில் நின்ற கூட்டத்தின் கூச்சல் அது. அதைக் கிறிஸ்தவ உலகில் பலர், எல்லா நாட்டு, எல்லாக் காலத்து யூதர்மேலும் இறைவன் விதித்த தீர்ப்பாகப் படித்தார்கள். எசேக்கியேல் தடைசெய்த பழமொழியை, அவருடைய மக்களுக்கு எதிராகவே நாம் வழங்கினோம்.

அது எங்கே கொண்டுபோய்விட்டது என்பதற்கு ஸ்பெயின் நாட்டு வரலாறு சான்று. 1449இல் தொலேதோ நகரில், யூத மரபிலிருந்து திருமுழுக்குப் பெற்றவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் நகரப் பதவிகள் வகிக்கலாகாது என்று விதி செய்தார்கள். திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அதே ஆண்டில் அதைக் கண்டித்தார். திருமுழுக்குப் பெற்றவர்களுக்குள் வேறுபாடு காட்டலாகாது என்பது அவர் நிலை. ஆயினும் “தூய இரத்தம்” என்னும் எண்ணம் பரவியது. 1547இல் தொலேதோ பேராலயமே அத்தகைய விதியை ஏற்றது. பின்னர் உரோமையின் ஒப்புதலும் அதற்குக் கிடைத்தது.

திரெந்து பொதுச்சங்கத்தில் இறையியலாளராக விளங்கி, புனித இஞ்ஞாசியாருக்குப்பின் இயேசு சபையின் இரண்டாம் தலைவரான தியேகோ லாயினஸ் யூத வழித்தோன்றல். அவர் 1565இல் இறந்தார். 1593இலோ அச்சபை, யூத வழிவந்தோர் எவரையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. 1608இல் அத்தடை, ஐந்தாம் தலைமுறைவரை விசாரித்தால் போதும் என்று தளர்த்தப்பட்டது. முழுமையாக நீங்கியது 1946இல்தான். மோசேயின் வசனத்தில் நான்கோடு நின்றது எண்ணிக்கை. நாம் ஐந்து எண்ணியும் அதைத் தளர்வு என்றே கருதினோம்.

போர்ச்சுக்கல்லில் 1497இல் யூதர் வலுக்கட்டாயமாகத் திருமுழுக்குப் பெறச்செய்யப்பட்டனர். 1536இல் சமய விசாரணை மன்றம் அங்கு நிறுவப்பட்டது. அதன் கொடுமைக்குத் தப்பிப் பலர் ஆம்ஸ்தர்தாம் சென்று, முன்னோரின் சமயத்திற்குத் திரும்பினார்கள். அவ்வாறு வந்த ஒரு குடும்பத்தில் 1604இல் பிறந்தவர் மெனாசே பென் இஸ்ரயேல். அவருடைய தந்தை அந்த மன்றத்தின் கையில் துன்புற்றவர். ரபியும் அச்சகத்தாருமான மெனாசே, 1632இல் “இணக்குபவர்” என்னும் பொருள்பட ஸ்பானிய மொழியில் ஒரு நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். மறைநூலில் முரண்படுவதுபோல் தோன்றும் வசனங்களை இணை இணையாக எடுத்துவைத்து விளக்குவதே அதன் பணி. நான்கு பகுதிகளும் முடிய 1651 ஆயிற்று. பல தலைமுறையாக எபிரேயம் மறந்து, கிறிஸ்தவர்களாக வளர்ந்து, ஐயங்களோடு திரும்பி வந்த தம் மக்களின் கையில் அவர் கொடுத்த விளக்கு அது. யூத ஆசிரியர்களோடு கிரேக்க, இலத்தீன் ஆசிரியர்களையும் அவர் மேற்கோளாகக் காட்டினார். அடுத்த ஆண்டே முதற்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, கிறிஸ்தவ அறிஞர்களாலும் படிக்கப்பட்டது. தந்தையை வதைத்தவர்களின் சமயத்தாரோடு மகன் வெறுப்பின்றி உரையாடினார். அதுவும் எசேக்கியேலின் 18ஆம் அதிகாரத்திற்கு ஒரு விளக்கவுரைதான்.

நம் திருச்சபை திரும்பி வரக் காலம் பிடித்தது. 1960 சூன் 13 அன்று, திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானை, பிரெஞ்சு வரலாற்றாசிரியர் சூல் இசாக் சந்தித்தார். தம் மனைவியையும் மகளையும் நாசிகளுக்குப் பலிகொடுத்த யூதர் அவர். யூதரை இழிவுபடுத்தும் போதனையைத் திருத்துமாறு வேண்டினார். 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2221 வாக்குகளுக்கு 88 என்னும் பெரும்பான்மையோடு “நம் காலத்தில்” என்ற அறிக்கையை ஏற்றது. ஆண்டவரின் பாடுகளுக்கான பொறுப்பை அக்காலத்து யூதர் அனைவர்மேலும் சுமத்தலாகாது, இக்காலத்து யூதர்மேலும் சுமத்தலாகாது என்று அது கற்பித்தது. 2001இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம், ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலான யூத விளக்க மரபிலிருந்து கிறிஸ்தவர் மிகுதியாகக் கற்கலாம் என்று எழுதியது.

இவனா, இவன் பெற்றோரா?

அப்படியானால் பிறப்புநிலைப் பாவம் என்ன ஆயிற்று என்று மறைக்கல்வி நன்கு கற்ற வாசகர் கேட்கலாம். அது நாம் செய்த பாவம் அன்று, நாம் பிறந்துள்ள நிலை. ஆதாமின் வழிவந்த எவரிடத்திலும் அது தனிப்பட்ட குற்றத்தின் தன்மை உடையதன்று என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (404, 405) தெளிவுபடுத்துகிறது. அதற்கும் திருமுழுக்கு மருந்தாக உள்ளது. திருமுழுக்குப் பெற்ற குழந்தையின்மேல் தாத்தாவின் பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பவர் திருமுழுக்கையே குறைத்து மதிப்பிடுகிறார்.

இத்தகைய குடும்பச் சாபப் போதனையும் தலைமுறைக் குணமளிப்பு வழிபாடுகளும் நம் நாட்டில் மட்டும் உள்ளவை அல்ல. 2024 நவம்பரில் ஸ்பெயின் ஆயர் பேரவையின் விசுவாசக் கோட்பாட்டு ஆணையம் இவற்றைக் குறித்துக் குறிப்பு வெளியிட்டு, பாவம் என்றும் தனிமனிதருக்கு உரியது, பிறப்புநிலைப் பாவம் தவிர வேறெதுவும் தலைமுறைகளின் வழியே கைமாறுவதில்லை என்று அறிவுறுத்தியது. இரத்தத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்த நாட்டின் திருச்சபையே இதைச் சொல்வது நமக்கும் பாடம்.

அந்தத் தாய் சென்றபின் நான் நெடுநேரம் விவிலியத்தோடு அமர்ந்திருந்தேன். ரபி இஸ்மயேல் சொன்ன மூன்றாவது வசனம் எங்கே என்று தேடினேன். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் நின்றேன். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு சீடர்கள் கேட்கிறார்கள்: இப்படிப் பிறக்கப் பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா? அவர்களும் அதே இரு வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். இவரும் அல்ல, இவர் பெற்றோரும் அல்ல என்று இயேசு மறுமொழி கூறிவிட்டு, தரையில் குனிந்து சேறு குழைத்தார். பழி யாருக்கு என்று தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த மனிதருக்கு ஆகவேண்டியதைச் செய்தார்.

மறுவாரம் அவர்கள் இல்லத்திற்குச் சென்றேன். மோசேயின் வசனத்தை அடித்துவிட வேண்டாம், அம்மா. அது நம் தீச்செயல் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெற்றோராகிய உங்களையும் மேய்ப்பராகிய என்னையும் எச்சரிப்பது. ஆனால் பிள்ளையைக் குற்றவாளியாக்க அதை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்றேன். யோவான் 9ஐப் படித்துக் காட்டினேன். பின்பு செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பள்ளி பற்றிப் பேசினோம். பையன் தரையில் அமர்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தான். நான் விடைபெற எழுந்தபோது அந்தத் தாய் விவிலியத்தை எடுத்துவந்து, என் பேனாவைக் கேட்டு வாங்கி, யோவான் நற்செய்தியின் அந்த வரியின்கீழும் கோடிட்டார். சிவப்புக் கோட்டை அவர் அழிக்கவில்லை.